சுங்கை சிப்புட் கடையின் ஆங்கிலக் கிராமத் தேவாலய மாதிரி: வாங்கலாமா, எப்படிக் கட்டுவது

சுங்கை சிப்புட்டில் திருமணப் பெயர்ப்பலகை, பள்ளிப் பரிசுக் கேடயம், கோயில் திருவிழா பேனர் என்று செய்து கொடுக்கும் கடை ஒன்று, லேசரில் வெட்டிய கட்டட மாதிரிகளையும் இப்போது விற்கிறது. அவற்றில் ஒன்று இடைக்கால இங்கிலாந்தின் கிராமத் தேவாலயம். விலை 89 வெள்ளி (ரிங்கிட்). கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இதை வெறும் அலங்காரப் பொருளாக எடுத்துக்கொண்டால் இதிலுள்ள அருமையான விஷயம் கைநழுவிப் போய்விடும். இது ஒரு கட்டடத்தை அது வளர்ந்த வரிசையிலேயே கட்ட வைக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் காகித மாதிரிகள் பலவும் முடிந்துபோன கட்டடத்தைத்தான் தருகின்றன. நான்கு சுவர், கூரை, கோபுரம், ஒட்டினால் முடிந்தது. உண்மையான கிராமத் தேவாலயம் எதுவும் அப்படி உருவாகவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில்களைப் போலத்தான் அதுவும்: முதலில் மரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, பிறகு செங்கல் கருவறை, கங்காணி காலம் போய்ச் சங்கத்தின் காலம் வந்ததும் மண்டபம், கடைசியாக ராஜகோபுரம். இங்கிலாந்தில் இந்த வளர்ச்சிக்கு நானூறு ஐந்நூறு ஆண்டுகள் பிடித்தன. எந்தக் கல் எந்தத் தலைமுறையில் வந்தது என்று சுவரைப் பார்த்தே படிக்கத் தெரிந்தால், அந்த ஊரின் வரவு செலவும் மக்கள்தொகையும் நம்பிக்கையும் அதில் தெரியும். இந்தத் தொகுப்பைச் செய்தவருக்கு அது தெரிந்திருக்கிறது. சில இடங்களில் சறுக்கியும் இருக்கிறார்.

பெட்டிக்குள் ஏ4 அளவில் ஐந்து எம்டிஎஃப் பலகைகள் (மரநாரை அழுத்திச் செய்தவை), சன்னல் கல்வேலைக்கு ஒரு மில்லிமீட்டர் சாம்பல் அட்டை ஒன்று, தூண்களுக்கு 8 மில்லிமீட்டர் உருளைக் குச்சி, ஏ3 அளவில் அடிப்பலகை, மலாயிலும் தமிழிலும் நான்கு பக்கக் குறிப்பு. அளவு நூறில் ஒன்று. மக்கள் நிற்கும் கூடம் 140 மில்லிமீட்டர் நீளம், 60 அகலம். அதாவது 14 மீட்டருக்கு 6 மீட்டர், சிறிய கிராமத்துக்குப் பொருத்தமான அளவு. கோபுரம் 180 மில்லிமீட்டர் உயரம்.

முதல் கட்டம் 12ஆம் நூற்றாண்டு. மக்கள் கூடம், அதன் கிழக்கே சற்று ஒடுங்கிய பீடப்பகுதி, இரண்டுக்கும் நடுவே அரைவட்ட வளைவு. இவ்வளவுதான். நார்மன் காலத்துச் சிறிய தேவாலயம், அதாவது 1066க்குப் பின் நார்மன்கள் இங்கிலாந்தை ஆண்ட காலத்தது, பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. இந்தக் கட்டத்தில் தொகுப்பு செய்திருக்கும் ஒரு வேலையை மனம்விட்டுப் பாராட்ட வேண்டும். சுவர் ஒவ்வொன்றும் மூன்று பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்வது. மூன்றும் சேர்ந்தால் 9 மில்லிமீட்டர், நிஜத்தில் 90 சென்டிமீட்டர். நார்மன் சுவர்களின் கனம் ஏறக்குறைய அவ்வளவே: வெளிமுகத்தில் கல், உள்முகத்தில் கல், நடுவில் சுண்ணாம்புக் காரையில் கலந்து கொட்டிய உடைகல். சன்னல் துளை வெளிப்பலகையில் 3 மில்லிமீட்டர் அகலம், நடுப்பலகையில் 6, உள்பலகையில் 10. ஒட்டி முடித்து உள்ளேயிருந்து பார்த்தால் துளை புனல்போல விரிகிறது. கண்ணாடி அரிதும் விலை கூடியதுமாக இருந்த காலத்தில், மழையும் காற்றும் உள்ளே வராமல் இருக்கத் துளையைச் சிறிதாக வைத்து, வந்த வெளிச்சம் பரவ உள்பக்கத்தை விரித்தார்கள். கையடக்கப் பெட்டியில் இதைக் காட்டியிருப்பது சின்ன வேலை இல்லை. கட்டி முடித்துக் கைப்பேசி விளக்கை வெளியே பிடித்தால், அந்த மூன்று மில்லிமீட்டர் துளையிலிருந்து எதிர்ச்சுவரில் விழும் வெளிச்சம் எவ்வளவு அகலமாக இருக்கிறது என்று பார்க்கலாம்.

இங்கேயே முதல் சிக்கலும் வருகிறது. பலகைகளில் அ, ஆ, இ என்று வரிசை எழுதியிருக்கிறது. ஆனால் அந்த எழுத்து ஒட்டும் பக்கத்தில் இருப்பதால், பசை தடவியதும் மறைந்துவிடும். தடவுவதற்கு முன் ஒவ்வொரு பலகையின் மேல் விளிம்பிலும் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் புனல் வெளிப்பக்கம் விரியும். காய்ந்த பிறகு பிரிக்க முடியாது.

இரண்டாவது சிக்கல் பெரியது. மூன்று மில்லிமீட்டர் என்று விற்கும் எம்டிஎஃப் பல நேரம் 2.7 தான் இருக்கிறது. மூன்றை ஒட்டினால் 8.1. அடிப்பலகையில் பள்ளங்களோ 9 மில்லிமீட்டருக்கு வெட்டியவை. சுவர் பள்ளத்தில் ஆடும், மூலைகள் செங்குத்தாக நிற்காது, கூரை வைக்கும்போது ஒரு பக்கம் இடைவெளி விடும். பசையை அதிகம் ஊற்றி நிரப்பப் பார்க்காதீர்கள். வெள்ளைப் பசையில் உள்ள தண்ணீரை எம்டிஎஃப் குடித்து விளிம்பு உப்பிவிடும். சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ள அட்டையை 8 மில்லிமீட்டர் அகலத்தில் கீற்றுகளாக வெட்டி, இரண்டு கீற்றைச் சுவரின் உள்பக்கம் பள்ளத்தில் செருகினால் இறுகிவிடும். வாங்கும்போதே கடையில் ஒரு சுவரை அடிப்பலகையில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. ஆட்டம் இருந்தால் அட்டைக் கீற்றை அவர்களே வெட்டித் தருகிறார்கள், காசு கேட்பதில்லை.

பசை மெல்லிசாக, ஒரு முகத்தில் மட்டும். துணி கிளிப் போட்டு மூன்று பலகையையும் பிடித்துச் சமதளத்தில் படுக்க வைத்து, மேலே கனமான புத்தகம். மழைக்காலத்தில் ஓர் இரவு முழுக்க விட்டால்தான் காயும். அவசரப்பட்டு எடுத்தால் சுவர் வில்லாக வளையும்.

தெற்குச் சுவரில் கவனம் வேண்டும். கதவுக்குப் பக்கத்தில், ஒரு புள்ளியிலிருந்து கீழே விரியும் கோடுகள் பொறித்திருக்கும். அது சூரியக் கடிகை. புள்ளி இருக்கும் இடத்தில் ஒரு குச்சியைச் செருகுவார்கள். அதன் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதை வைத்துத் திருப்பலி நேரம் தெரிந்துகொள்வார்கள். வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் நீளத்தில் ஒன்றே என்பதால் மாற்றி வைப்பது சுலபம். மாற்றி வைத்தால் கடிகை வெயில் படாத பக்கம் போய்விடும். அடிப்பலகையில் கிழக்கைக் காட்டும் அம்பு இருக்கிறது. பீடம் அந்தப் பக்கம், கடிகை அதற்கு வலக்கைப் பக்கம்.

இனி 13ஆம் நூற்றாண்டு. இந்தக் கட்டத்துக்காகவே 89 வெள்ளி கொடுக்கலாம்.

ஊரில் மக்கள் பெருகுகிறார்கள், கூடம் போதவில்லை. வடக்கே ஒரு பக்கக்கூடம் சேர்க்க வேண்டும். இருக்கிற சுவரை முழுக்க இடித்தால் கூரை விழும், வழிபாடும் நின்றுபோகும். அதனால் வெளியே புதுச் சுவர் எழுப்பிக் கூரை போட்டுவிட்டு, பழைய சுவரைப் பகுதி பகுதியாகத் துளைத்து, தூணும் வளைவும் செருகினார்கள். துளைக்கு மேலிருக்கும் பழைய சுவர் அப்படியே நிற்கும். தொகுப்பும் இதையே செய்யச் சொல்கிறது. வடக்குச் சுவரின் மேல்பாதி மட்டும் பக்கச் சுவர்களோடு ஒட்டப்படும். கீழ்பாதி மூன்று துண்டுகளாகப் பசையில்லாமல் நிற்கும். ஒரு துண்டை எடுத்து, அந்த இடத்தில் தூணையும் கூர்வளைவையும் வைத்து ஒட்டி, அது காய்ந்த பிறகுதான் அடுத்த துண்டு. மூன்றையும் ஒரேயடியாக உருவினால் மேல்சுவர் நடுவில் தொய்ந்து, வளைவுகள் உட்காராது. குறிப்பில் இந்த எச்சரிக்கை இல்லை, இருந்திருக்க வேண்டும். முட்டுக்கொடுக்க, தூண் நீளத்துக்கு வெட்டிய உருளைக் குச்சியின் மிச்சம் போதும்.

மேல்சுவரில் பாதி வளைவால் வெட்டுப்பட்ட பழைய நார்மன் சன்னல் ஒன்று அடைத்த நிலையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் இப்படித் தூண்வரிசைக்கு மேல் பயனற்று நிற்கும் சன்னல்தான், சுவர் வளைவைவிடப் பழையது என்பதற்குச் சாட்சி. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இந்த இடத்தில் நின்று, எது முதலில் வந்தது என்று கேட்கலாம்.

வளர்ச்சி மட்டுமே வரலாறு என்று நினைத்துவிடக் கூடாது. யார்க்‌ஷரில் வாரம் பெர்சி என்றொரு கைவிடப்பட்ட கிராமம் இருக்கிறது. 1950 முதல் 1990 வரை அங்கே அகழாய்வு நடந்தது. புனித மார்ட்டின் தேவாலயம் சிறிதாகத் தொடங்கி, பக்கக்கூடங்கள் சேர்ந்து பெருத்து, ஊர் சுருங்கியதும் அந்தக் கூடங்கள் இடிக்கப்பட்டு வளைவுகள் அடைக்கப்பட்டதை இன்றும் சுவரில் காணலாம். தொகுப்பிலிருந்து எடுத்து வைத்த மூன்று துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவற்றை வளைவுக்குள் திரும்ப வைத்தால் அந்தக் கதையையும் காட்டலாம். தோட்டம் மூடி ஆள்கள் பட்டணத்துக்குப் போன ஊர்களில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

14ஆம் நூற்றாண்டுப் பகுதிதான் தொகுப்பின் பலவீனம். பீடப்பகுதியின் கிழக்குச் சன்னல் வலைப்பின்னல்போல கல் சட்டங்கள் வளைந்தோடும் அலங்காரப் பாணியில் இருக்கிறது. அழகாகவே வெட்டியிருக்கிறார்கள். ஆனால் முதல் கட்டத்திலேயே அதை வைத்து ஒட்டச் சொல்கிறது குறிப்பு. இருநூறு ஆண்டு முந்திய சுவரில் இந்தச் சன்னல் இருந்திருக்க வழியில்லை. மற்ற எல்லா இடத்திலும் காலவரிசையைக் காப்பாற்றிவிட்டு இங்கே கோட்டைவிட்டது வருத்தம். அரைவட்டத் தலையோடு சின்னச் சன்னல் மட்டும் உள்ள கிழக்குச் சுவர் கேட்டால் கடையில் தனியே வெட்டித் தருகிறார்கள், 5 வெள்ளி. முதலில் அதைப் பசையில்லாமல் நிறுத்திவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

நார்மன், முற்கால ஆங்கிலப் பாணி, அலங்காரப் பாணி, நேர்கோட்டுப் பாணி என்ற பகுப்பு கட்டியவர்கள் வைத்த பெயரல்ல. தாமஸ் ரிக்மன் 1817இல் வகுத்தது. குறிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆண்டு எல்லை கோடு போட்டாற்போலப் பிரித்திருக்கிறது. அவற்றைத் தோராயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நகரத்துப் பேராலயத்தில் வந்த பாணி கிராமத்துக்கு வர ஒரு தலைமுறைகூட ஆகலாம். 1348-49 கொள்ளைநோய்க்குப் பிறகு பாதியில் நின்ற வேலைகளும் உண்டு.

சாம்பல் அட்டைச் சன்னல் சட்டங்கள் ஒன்றரை மில்லிமீட்டர் அகலம்தான். விரலால் தள்ளினால் ஒடியும். சட்டத்தைச் சுற்றியுள்ள இணைப்புகளைப் பின்பக்கமிருந்து கூர்கத்தியால் அறுத்த பிறகே எடுக்க வேண்டும். எடுத்ததும் மெல்லிய வார்னிஷ் ஒரு கை கொடுத்தால் கெட்டிப்படும். உதிரி அட்டை 6 வெள்ளி. கூடவே வாங்கிவிடுவது மேல்.

கடைசிக் கட்டம், 15ஆம் நூற்றாண்டு: மேற்கே மணிக்கோபுரம், தெற்கே வாயில் மண்டபம், கூடத்தின் சுவர்களை உயர்த்தி மேலே ஒரு சன்னல் வரிசை, புதுக் கூரை. தொகுப்பில் இரண்டு கூரைகள் இருக்கின்றன. முதல் கட்டத்துக்குச் செங்குத்தானது, கடைசிக் கட்டத்துக்குத் தாழ்ந்த சரிவுடையது. காரணம் ஈயம். வைக்கோலும் மரச்சில்லும் மழையை ஓடவிடச் செங்குத்துச் சரிவு வேண்டும். ஈயத் தகட்டைச் செங்குத்தில் போட்டால் தன் கனத்தாலேயே மெல்ல மெல்லக் கீழே நழுவும். அதனால் ஈயம் வந்த இடத்தில் கூரை தாழ்ந்தது, சுவர் உயர்ந்தது, கூடத்துக்குள் வெளிச்சம் வந்தது. இந்த மூன்றையும் ஒரே கூரை மாற்றத்தில் புரியவைக்கிறது தொகுப்பு.

விட்டுப்போனது ஒன்று. பழைய கூரை கோபுரத்தில் முட்டிய இடத்தில், தலைகீழ் வி வடிவில் ஒரு தழும்பு கோபுரத்தின் கிழக்கு முகத்தில் பல ஊர்களில் இன்றும் இருக்கும். அதைப் பொறிக்க மறந்திருக்கிறார்கள். சரிசெய்வது எளிது: கோபுரத்தை முதலில் ஒட்டுங்கள். சுவரை உயர்த்துவதற்கு முன் செங்குத்துக் கூரையை வைத்து, அதன் விளிம்போரமாகக் கோபுரத்தில் பென்சில் கோடு இழுங்கள். பிறகு புதுக் கூரை. தழும்பு மேலே தெரியும்.

கோபுரத்தைக் கூடத்தோடு பசையால் இணைக்காமல் அடிப்பலகையில் மட்டும் ஒட்டச் சொல்கிறது குறிப்பு. அது சரியே. கனமான கோபுரம் தனியாக அமுங்கும், மணி அடிக்கும்போது அசையும். கூடமும் கோபுரமும் சேரும் இடத்தில் விரிசல் வருவது நிஜக் கட்டடங்களின் பழைய நோய். மணியறையில் கண்ணாடிக்குப் பதில் சாய்பலகைகள் வைத்திருப்பதும் சரி: ஓசை வெளியே போகும், மழை உள்ளே வராது. சஃபோக்கில் பிளைத்பர தேவாலயத்தின் ஊசிக்கோபுரம் 1577இல் புயலில் விழுந்தது. தொகுப்பிலும் ஓர் ஊசிக்கோபுரம் கூடுதலாகக் கிடைக்கிறது, 12 வெள்ளி. தட்டையான கைப்பிடிச் சுவரோடு விட்டாலே இந்த அளவுக்கு எடுப்பாக இருக்கிறது, வாங்க வேண்டியதில்லை.

சுவரின் வெளிமுகம் பற்றி ஒரு குறை. எல்லாச் சுவரிலும் செங்கல் அடுக்கினாற்போல ஒரே சீரான கற்கள் பொறித்திருக்கிறார்கள். கிராமத்துக்கு அது பொருந்தாது. சுவர் முழுக்க உடைகல், மூலைக்கும் சன்னல் ஓரத்துக்கும் மட்டுமே செதுக்கிய கல் என்பதுதான் வழக்கம். உடைகல் சுவர்கள் பலவற்றில் அந்தக் காலத்தில் சுண்ணாம்புப் பூச்சும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ‘புதுப்பிக்கிறோம்’ என்று பூச்சைச் சுரண்டி எடுத்தார்கள். அதைத் தடுக்கத்தான் வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். ஆகவே வெள்ளை எமல்ஷனை மெல்லிசாக இரண்டு கை அடித்துப் பொறிப்பை மூடிவிடுங்கள், வரலாற்றுக்கு நெருக்கமாகிவிடும். அதற்கு முன் லேசர் கரி படிந்த விளிம்புகளை 240 எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் கரி பரவிச் சாம்பலாகிவிடும்.

உள்ளே வைக்கத் தருவது திருமுழுக்குத் தொட்டி, கல் பீடம், கூடத்தையும் பீடப்பகுதியையும் பிரிக்கும் மரத்தடுப்பு, அதன்மேல் சிலுவை நிற்கும் மேடை. தொட்டி கதவருகே. அதற்கு மூடியும் கொடுத்திருக்கிறார்கள்: மந்திரித்த நீரை யாரும் தவறான காரியத்துக்கு எடுத்துப் போகாதபடி பூட்டுள்ள மூடி வேண்டும் என்று 1236இல் ஆணை வந்தது. சிலுவை மேடைகளை வெட்டி இறக்கச் சொன்னது எலிசபெத் அரசியின் 1561ஆம் ஆண்டு ஆணை. கீழேயுள்ள தடுப்பு மட்டும் பல இடங்களில் தப்பியது. அதனால் மேடையை ஒட்டாமல் தடுப்பின்மேல் சும்மா வையுங்கள். கல் பீடத்தின் தெற்கே, பாத்திரம் கழுவிய நீர் விடும் சுவர்க்குழி இல்லை. குழித்த சின்ன அட்டைத் துண்டு போதும், அடுத்த பதிப்பில் சேர்க்கலாம். இருக்கை தராதது குறையல்ல. மக்கள் நின்றார்கள், மண்டியிட்டார்கள். கூடம் நிறைய மரப்பெஞ்சுகள் பரவலானது 15ஆம் நூற்றாண்டில்தான்.

பீடப்பகுதியின் கூரை கூடத்தைவிடத் தாழ்ந்திருப்பது ஏன் என்று குறிப்பு சொல்லவில்லை. பீடப்பகுதியைப் பராமரிப்பது ஊராரின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, அதாவது தசமபாகத்தை, வாங்கும் குருவின் பொறுப்பு, கூடம் ஊராரின் பொறுப்பு. ஊராரிடம் கம்பளி வணிகப் பணம் புரண்டபோது கூடம் உயர்ந்தது. பீடப்பகுதிக்குச் செலவழிக்க வேண்டியவர் வேறு ஆள், அது தாழ்ந்தே நின்றது.

குறிப்பில் இரண்டு செய்திகளை அடித்துவிடுங்கள். வடக்குக் கதவு சாத்தான் வெளியேறுவதற்கு என்பது பிற்காலக் கதை. பவனி போவதற்குப் பயன்பட்ட கதவு, சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் பவனி நின்றதும் அடைபட்டது. பீடப்பகுதியின் தாழ்ந்த சன்னல் தொழுநோயாளிகள் திருப்பலி காண்பதற்கு என்பதற்கும் ஆதாரமில்லை. இந்த இரண்டையும் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாது.

தைப்பிங்கில் 1886இல் கட்டிய ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தின் கூர்வளைவுச் சன்னல்களைப் பார்த்தவர்கள், இந்த மாதிரியிலும் அதே வடிவத்தைக் காண்பார்கள். அங்கே மரம், ஒரே மூச்சில் கட்டியது. வடிவம் மட்டும் கடல் கடந்து வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து தைப்பிங் தூரமில்லை.

பத்து வயதுப் பிள்ளை பெரியவர் துணையோடு கட்டலாம். சன்னல் சட்டங்களை மட்டும் பெரியவரே வெட்ட வேண்டும். கட்டி முடித்ததைச் சமையலறைப் பக்கமோ சன்னலோரமோ வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்தில் எம்டிஎஃப் அடிவிளிம்பிலிருந்து உப்பும். அடிப்பலகையின் கீழ்முகத்துக்கும் வார்னிஷ் அடித்திருந்தால் தாங்கும். கடையில் கையிருப்பு வைப்பதில்லை, சொன்ன பிறகே வெட்டுகிறார்கள். தீபாவளிக்கு முன்பும் ஆண்டிறுதிப் பள்ளிப் பரிசளிப்பு நேரத்திலும் வேலை குவிந்துவிடும். குடிலுக்கு வேண்டுமென்றால் அக்டோபரிலேயே சொல்லி, கூடவே 5 வெள்ளிக் கிழக்குச் சுவரையும் 6 வெள்ளி உதிரி அட்டையையும் சேர்த்து, மொத்தம் நூறு வெள்ளிக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.